கொட்டடிக்கு ஓடு

"மெதுவா, மெதுவா... கால்ல போட்டுக்கப் போறீங்க" என்று ஓடிப்போய், பால்காரர் கையிலிருந்த ஓடுகளை வாங்கி வாசல் சுவரோரம் அடுக்கினாள் மகள். உள்ளே அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் யார் கையிலும் மலர்வளையம் இல்லை. ஆளுக்கு இரண்டு கூரை ஓடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அம்மா சொல்லிவிட்டுப் போனது அது. "பூவைக் கொண்டாந்து கொட்டாதீங்கடி, நாளைக்கே வாடிடும். ஓடு வாங்கிட்டு வரச் சொல்லு." அப்பா போன் போட்டு அப்படியே சொன்னபோது, பாவம், மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுகூடச் சிலர் நினைத்தார்கள்.

பழைய சிறைச்சாலையின் பெண்கள் கொட்டடிக்குத்தான் அந்த ஓடு. அம்மா பிறந்த இடம். ஆலை வேலைநிறுத்தத்தில் பிடிபட்டு உள்ளே போன பாட்டி அங்கேயே அவளைப் பெற்றாள். கூட இருந்த கைதிகள் போர்வையைக் கிழித்துத் துணி மடித்தார்கள். தங்கள் பங்குப் பாலில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். மடி மாற்றி மடி தூங்கவைத்தார்கள். "ஒருத்தி பேரும் எனக்குத் தெரியாது. யாரைத் தேடிப் போய் நன்றி சொல்றது, சொல்லு?" என்பாள் அம்மா.

தையல் கடைக்கு விடுமுறை என்றால் விளக்குமாறும் கையுமாக அங்கே கிளம்பிவிடுவாள். சுவரில் முளைத்த செடியைப் பிடுங்குவாள், பார்க்க வருகிறவர்களுக்குக் கதை சொல்வாள், நகரசபைக்கு மனு மேல் மனு போடுவாள். கூடவே நாலு பேர் சேர்ந்தார்கள். அப்புறம் தெருவே சேர்ந்தது. புயலில் கூரை பிய்ந்தபோது, மழைக்காலத்துக்குள் மூடாவிட்டால் இடித்துவிடுவோம் என்றது நகரசபை. கொஞ்சம் கொஞ்சமாக வேய்ந்து வந்ததில், இப்போது ஒரு மூலைதான் பாக்கி.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மேற்கே கருத்திருந்தது. ஓடு வேய்பவர் மகளிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. மழை இறங்கிடும் போல இருக்கு. இன்னிக்கே போட்டுட்டா... உங்கப்பாகிட்ட கேக்க வாய் வரல."

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "வண்டியை எடுங்க. அவ இருந்திருந்தா இந்நேரம் நம்மளை விரட்டியிருப்பா" என்றார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அப்படியே சிறை முற்றத்தில் வரிசை கட்டி நின்றார்கள். ஓடு கை மாறிக் கை மாறி ஏணி ஏறியது.

"என்னங்க இது, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு சாம்பல்? ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கே!" என்று மேலிருந்து கத்தினார் ஓடு வேய்பவர்.

"தையல்காரி கூரை, அப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பா. வரிசையில் யாரோ சிரித்தார்கள்; பிறகு எல்லோருமே சிரித்தார்கள்.

மகளுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணை அவளுக்கு முன்பின் தெரியாது. "அக்கா, நீங்கல்லாம்..." என்று ஆரம்பித்தாள் மகள்.

"பேசாம ஓட்டைப் பிடி. வழுக்கிடப் போவுது" என்றாள் அந்தப் பெண்.

கடைசி ஓடு உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கொட்டடிக்குள் ஓடினார்கள். அப்பாவைக் காணோமே என்று மகள் தேடினாள். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, வாய் லேசாகத் திறந்திருக்க, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி நாற்காலியில் இராப்பகலாக விழித்திருந்தவர்.

"எழுப்பட்டுமா?" என்று கேட்டார் பால்காரர்.

அவள் தலையசைத்து மறுத்தாள். குனிந்து, அவருடைய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். மழை இரைச்சலில் அவருடைய குறட்டை சன்னமாகக் கேட்டது.