நல்லா தூங்குறேன் சார்

...தோளைத் தளர விடுங்கள் என்று சொன்னோமா, இல்லை தோளை விட்டுவிட்டு நேராக வயிற்றுக்கு வந்துவிட்டோமா, வாய் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, "மூச்சு உள்ள போகுது, கவனிங்க, வெளிய வருது, கவனிங்க", தன் குரலே தனக்குப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, போகட்டும், யார் இதைக் கேட்கப்போகிறார்கள், எல்லாரும்தான் தூங்கிவிட்டார்களே. சாப்பாட்டு இடைவேளை முடிந்த வகுப்பு, விளையாட்டு அறை, காற்றுப்போன பந்துகளின் ரப்பர் வாடை, கழற்றிப் போட்ட சாக்ஸ் வாடை, நீலப் பாய்களில் கடைசி வருஷத்துப் பிள்ளைகள் மல்லாந்து கிடக்கிறார்கள், இதில் யார் டாக்டர், யார் என்ஜினியர் என்று வீட்டில் ஏற்கெனவே எழுதி வைத்தாகிவிட்டது. பாய்களுக்கு நடுவே வெறுங்காலோடு நடந்தாள். பள்ளியின் மனநல ஆலோசகர், கதவுப் பலகையில் அப்படித்தான் போட்டிருக்கிறது, பிள்ளைகள் வைத்திருக்கிற பெயர் கொட்டாவி மிஸ், "டேய் கொட்டாவி மிஸ் வர்றாங்க, வாயை மூடு" என்று நடைவழியில் ஒருவன் சொன்னது காதில் விழுந்தபோது கோபம் வரவில்லை, கெமிஸ்ட்ரி சாரை 'கேஸ்' என்கிறார்கள், அதற்கு இது எவ்வளவோ மேல். இங்கேயாவது தூங்குகிறார்கள். அந்த ஒன்றை நினைத்துத்தான் தினமும் செருப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்ப முடிகிறது.

தூங்காமல் என்ன செய்யும், விடிவதற்கு முன்னாலேயே சிறப்பு வகுப்புக்கு அள்ளிக்கொண்டு வருகிறார்கள், பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்க வருகிற பிள்ளைகள். அவள் போர்டில் படம் போட்டுச் சொல்லித்தந்தாள், உங்கள் வயசில் மூளைக்குள் இருக்கிற கடிகாரம் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும், சீக்கிரம் தூக்கம் வராது, சீக்கிரம் விழிக்கவும் முடியாது, அது சோம்பேறித்தனம் இல்லை, உடம்பு அப்படி. பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது, "அப்போ ஸ்கூலுக்கு அது தெரியாதா மிஸ்?" வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள், ஆனால் அந்தக் கேள்வியை அப்படியே பிரின்சிபால் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள், காலை வகுப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்றாள். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி, "மேடம், பிள்ளைங்களைத் தூங்க வைக்கத்தான் உங்களை வச்சிருக்கோம், ஸ்கூலையே தூங்க வைக்க இல்ல" என்றார். தன் ஜோக்குக்குத் தானே குலுங்கினார். அப்போதும் சிரித்தாளே, பல்லைக் காட்டிக்கொண்டு, அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை... "இப்போ முட்டி, முட்டியைத் தளர விடுங்க", யாருடைய முட்டி, நான் ஏன் அன்றைக்குச் சிரித்தேன், சம்பளம் வாங்குகிறவள் சிரிக்காமல் என்ன செய்வாள். இவர்களுக்கு மூச்சை எண்ணச் சொல்லித்தருகிறவள் பாதி மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிறாள், கணவருக்கு மட்டும்தான் தெரியும், "ஊருக்கே தூக்கம் விக்கிறே, வீட்டுக்கு ஸ்டாக் இல்லையா?" என்பார், அவரும் ஜோக்தான் அடிக்கிறார், எல்லாருமே ஜோக் அடிக்கிறார்கள்.

சுவரோரப் பாயில் ஆந்தை. எந்நேரத்துக்கு மெசேஜ் போட்டாலும் உடனே பதில் போடுகிறவள் என்று கூட்டாளிகள் வைத்த பெயர். அவள் மட்டும் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணின் அம்மா மருந்துக் கடையில் பில் போடுகிறவள், போன மாதம் வந்து அழுதாள், படிக்கிற பொண்ணு மேடம், கண்ணைச் சுத்திக் கருவளையம் பாருங்க, போனும் கையுமாவே கிடக்கா. போனைப் படுக்கிற அறைக்கு வெளியே வையுங்கள் என்று சொன்னது நினைவிருக்கிறது, முதலில் அவளிடம் உட்கார்ந்து பேசுங்கள் என்று சொன்னோமா? சொல்லியிருப்போம், எல்லாரிடமும் சொல்கிறதுதானே, ஆனால் அன்றைக்கு மணி அடித்துவிட்டது, வாசலில் அடுத்த அம்மா நின்றாள்... ஆந்தையின் பக்கத்தில் குந்தினாள். "கண்ணை மூடுடா." "மூடினா வந்துருது மிஸ்." "எதும்மா வருது?" காற்றுப்போல ஒரு குரல், "முன்னாடி படுத்ததுக்கப்புறம் ஒரு நேரம் கிடைக்கும் மிஸ், அது மட்டும்தான் என்னோடது. படின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஒருத்தி இருக்கா, வேற ஸ்கூலுக்குப் போயிட்டா, அவகூடச் சும்மா ஏதாவது பேசிட்டிருப்பேன். நீங்க சொன்னீங்கன்னு அம்மா போனை வாங்கிப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. இப்போ தூங்குறதே இல்ல மிஸ். இருட்டுல அப்படியே கிடக்குறேன். எல்லாம் வருது." குறை சொல்கிற குரல் இல்லை, பாடம் ஒப்பிக்கிற குரல். எல்லாம் என்றால் எது, கேள், இப்போதே கேள், இதற்குத்தானே படித்தாய்... "எல்லாம்னா?" என்று வாய் திறந்தபோது கதவு திறந்தது. நிம்மதியாக இருந்ததா? ஒரு நொடி... இருந்தது.

பிரின்சிபால், அவருக்குப் பின்னால் தாளாளர், அவருக்கும் பின்னால் இஸ்திரி மடிப்புக் கலையாத உடையில் ஆந்தையின் அம்மா. மறந்தே போய்விட்டது, இன்றைக்குத்தான் தாளாளர் நம் தூக்கப் பயிற்சித் திட்டத்தைப் பார்க்க வருகிற நாள், பலன் கண்ட பெற்றோர் ஒருவர் வேண்டும் என்று இந்த அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். "பாருங்க சார், எப்படித் தூங்குதுங்க பாருங்க" என்று பிரின்சிபால் கிசுகிசுத்தார், சொந்தத் தோட்டத்துக் காயைக் காட்டுகிற மாதிரி. தாளாளர் நுனிக்காலில் நடந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிரின்சிபால் கைதட்டினார், பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். அம்மாவைப் பேசச் சொன்னார்கள், அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, "முன்னெல்லாம் விடிய விடிய ஒரே முணுமுணுப்பு சார், சிரிப்பு. இப்போ படுத்தா படுத்த இடம்தான், ஒரு சத்தம் இல்ல. மேடம் புண்ணியம்" என்றாள். ஒரு சத்தம் இல்லை. அந்த வீட்டில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள், நாம்தான்... தாளாளர் ஆந்தையின் பக்கம் குனிந்தார். "நல்லா தூங்குறியாம்மா?" அவள் மிஸ்ஸை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "நல்லா தூங்குறேன் சார்."

என்ன தெளிவாகச் சொல்கிறாள், தளும்பாத குரல், பிரின்சிபால் முன்னால் நாம் சிரித்த சிரிப்பு இந்தப் பிள்ளைக்கு இந்த வயசிலேயே வந்துவிட்டது, இல்லை, இதை விடக்கூடாது, இன்றைக்காவது... "இல்ல சார், அவ தூங்கல." தன் குரல்தானா அது? "தூங்குறதே இல்லன்னு இப்போதான் எங்கிட்ட சொன்னா. போனைப் பூட்டி வச்சா தூக்கம் வந்துராது சார், விடியறதுக்கு முன்னாடி எழுப்பி இழுத்துட்டு வந்துட்டு, மத்தியானம் பாய் விரிச்சு மூச்சு விடச் சொல்றோம், இது வைத்தியமா, கேலியா?" பேசப் பேச உடம்பு லேசானது, எத்தனை காலம் அடக்கி வைத்தது, ஒரு வார்த்தைகூடத் திக்கவில்லை. தாளாளர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார், "பாக்கலாம், பேசலாம்" என்றார். அந்தப் பேசலாமுக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். பிரின்சிபாலின் புன்னகை வைத்த இடத்திலேயே இருந்தது, "நாளைக்கு என் ரூமுக்கு வாங்க மேடம்." அம்மாவின் முகம்தான் சிறுத்துப்போனது, இத்தனை பேர் நடுவில் மகளின் கையைப் பிடித்து, "ஏண்டி, தினம் கேக்குறேனே, தூங்கினேன்னுதானே சொன்னே? என்கிட்ட பொய்யா சொல்லிட்டிருந்தே?" மகள் அம்மாவைப் பார்க்கவே இல்லை. ஷூவை மாட்டிக்கொண்டு கதவருகே போனவள் நின்று, "உங்ககிட்ட மட்டும்தானே மிஸ் சொன்னேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். இனிமேல் யாரிடமும் சொல்ல மாட்டாள் என்பதுதான் அந்தக் குரலில் இருந்தது.

யாருக்காகப் பேசினேன், அவளுக்காகவா, அப்படியென்றால் உடம்பு ஏன் லேசானது... ஓடிப்போய் அந்த அம்மாவை நிறுத்த வேண்டும், என்ன சொல்லி நிறுத்துவது? பிள்ளைகள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள், யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஒருவரோடு ஒருவர் பேசவும் இல்லை, வழக்கமாக ஒரே கூச்சலாக இருக்கும். அப்போதுதான் அது தட்டுப்பட்டது. தூக்கத்திலிருந்து எழுப்பினால் பிள்ளைகள் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா, கன்னத்தில் பாயின் வரி, கடைவாயில் ஈரம், எங்கே இருக்கிறோம் என்று தெரியாத அந்தப் பேந்தப்பேந்த முழி... ஒருவரிடமும் இல்லையே. கைதட்டியதும் கம்பி இழுத்த பொம்மைகள்போல் ஒன்றாக எழுந்து உட்கார்ந்தார்களே, யாராவது கண்ணைக் கசக்கினார்களா? இன்றைக்கு மட்டுமா, இல்லை முதல் நாளிலிருந்தே இப்படித்தானா, அவள் நடக்க நடக்க, முட்டியைத் தளர விடச் சொல்லச் சொல்ல, மிஸ் பாவம் என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்களா... அப்படியானால் ஆந்தை சொன்னது அத்தனையும் இவர்கள் காதிலும் விழுந்திருக்கிறது, இவர்களில் ஒருவர்கூட அதை வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.