பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழன், மாலை ஐந்தே முக்கால். ஆறு மணிப் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், ஃபாதர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். இந்த வருடம் பன்னிரண்டாவது ஆள் அம்சம். அந்த ஊர்க் கோயிலில் அந்த நாற்காலியில் உட்காரப்போகும் முதல் பெண்.

கழுவப்போகிற காலை எல்லோரும் வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டுதான் போவார்கள். அம்சம் நான்கு நாளாகப் பருத்திக் களைக்குப் போகவில்லை. பாத வெடிப்பைக் கல்லால் தேய்த்திருந்தாள். மஞ்சள் பூசிக் குளித்திருந்தாள்.

பக்கத்து வீட்டைத் தாண்டும்போது உள்ளே ஏதோ விழுந்தது. பிறகு முனகல். மெஹராஜ் பேகத்தின் குரல். மகன் துபாயில், வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் ஆடு அம்சத்தின் கொல்லையில் மேய்ந்த சண்டையில் இருவரும் பேசி ஆறு மாதம் ஆகிறது.

அம்சம் நான்கு எட்டு நடந்தாள். திரும்பினாள்.

மெஹராஜ் பேகம் குளியலறை வாசலில் கிடந்தாள். சர்க்கரைப் புண் இருந்த காலில் கட்டு அவிழ்ந்திருந்தது. தரையில் ரத்தமும் சீழும்.

"நீ எதுக்கு வந்தே?"

"உங்க ஆட்டைத் தேடி வந்தேன். கையக் குடுங்க."

தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"கட்டு மாத்த நர்ஸ் நஜ்மா வருவாள்ல?"

"புள்ளைக்குக் காய்ச்சலாம். நாளைக்குத்தான் வருவா."

கொல்லைக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது போன் அடித்தது. கோயில் உபதேசியார் இளஞ்செழியன்.

"எங்க இருக்கீங்க? பதினோரு பேரும் உக்காந்தாச்சு."

"மெஹராஜ் அக்கா விழுந்துட்டாங்க. கால்ல ரத்தம்."

"இன்னிக்குத்தான் விழணுமா? உங்களுக்காக எத்தனை பேர்கிட்ட சண்ட போட்டேன். வரலைன்னா என் மச்சானை உக்கார வச்சிடுவேன். அப்புறம் எந்தக் காலத்துலயும் பொம்பளைக்கு நாற்காலின்னு என்கிட்ட வராதீங்க."

"வைங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். முதலில் தரையைக் கழுவினாள். பிறகு கீழே உட்கார்ந்து, புண்பட்ட காலை எடுத்துத் தன் மடியில், புதுச் சேலைமேல் வைத்துக்கொண்டாள். அடுப்படியில் ஆறவைத்திருந்த வெந்நீரை மெல்ல ஊற்றினாள். நாற்றம் எழுந்தது. முகத்தைத் திருப்பவில்லை. விரலிடுக்குகளைப் பஞ்சால் துடைத்தாள்.

"காலை ஆட்டாதீங்க."

"எரியுதுடி."

"ஆடு மேஞ்சப்ப எனக்கும் இப்படித்தான் எரிஞ்சுது."

மெஹராஜ் பேகம் வலியோடு சிரித்தாள்.

கோயில் மணி அடித்தது. ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியது. அம்சத்தின் கை ஒரு கணம் நின்றது. பிறகு புதுக் கட்டுத்துணியைப் பிரித்தது.

அழுக்குத் தண்ணீர் ஓடி அவள் பாதத்தைத் தொட்டது. மெஹராஜ் பேகம் குனிந்து பார்த்தாள்.

"என்னடி இது, ஒன் காலு கல்யாணப் பொண்ணு காலாட்டம் இருக்கு? எங்க கெளம்பினே?"