வாசிக்கத் தெரியாதவன் வாசித்தது

இப்போது எங்கள் கில்பிரானாவுக்கென்று தனியாக எம்.பி. கிடையாது. நாலு வருடத்துக்கு முன்னால் லண்டனில் யாரோ கணக்குப் போட்டுப் பார்த்து, இத்தனூண்டு ஊருக்கு ஒரு தொகுதியா என்று அதை மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதற்காக வருத்தப்பட்டவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் லாபம் பார்த்த சாராயக்கடைக்காரர்கள் மட்டும்தான். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அந்தத் தொகுதி எங்களைப் படுத்திய பாடு எனக்கல்லவா தெரியும்.

மொத்தம் இருநூற்றுப் பதினோரு ஓட்டு. எனக்குக் கிடையாது, பெண்பிள்ளைக்கு ஏது ஓட்டு? என் புருஷன் கோல்மன் டர்க்கனுக்கு இருந்தது. ரொட்டிக்கடையும் அதன் மேலே இருக்கும் இரண்டு அறையும் அவன் பேரில் வாடகைக்கு இருந்ததால் வந்த ஓட்டு. அந்த வீடோ, ஊரையே தன் சொத்தாக வைத்திருந்த பிரபுவுடையது. பிரபுவை நான் பார்த்ததே இல்லை, அவர் லண்டன்வாசி. அவர் இடத்தில் இருந்து எங்களை ஆட்டி வைத்தவர் ஏஜென்ட் ஹார்க்னஸ். மேலே கையை நீட்டினால் வீடு, கீழே நீட்டினால் தெரு என்று அவர் விரலில்தான் எல்லாம் இருந்தது.

அந்தக் காலத்தில் ஓட்டு என்றால் வாயால் சொல்வதுதான். கோர்ட்டு வாசலில் மேடை போட்டிருப்பார்கள். ஏறி நின்று, ஊர் முழுக்கக் கேட்க, இன்னாருக்கு என் ஓட்டு என்று கத்தவேண்டும். ஹார்க்னஸ் ஒரு பக்கம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். மறுபக்கம் பாதிரியார் நின்று முறைப்பார். ஒருவருக்குப் போட்டால் வீடு போகும், மற்றவருக்குப் போட்டால் மோட்சம் போகும். நடுவில் கிடந்து தவிப்பது நாங்கள்.

எங்கள் அடுத்த வீட்டு பார்ட்லி ஸ்காஹில் 1868 தேர்தலில் மேடை ஏறி, பிரபுவின் ஆளுக்கு எதிராகக் கத்தினான். கைதட்டல் தெருக்கோடி வரை கேட்டது. அடுத்த மே மாதம், வாடகைக் கெடு முடிந்ததும், கடப்பாரையோடு ஆட்கள் வந்து அவன் வீட்டுக் கதவைப் பெயர்த்தார்கள். கைதட்டியவர்களில் ஒருத்தர்கூட அன்று வெளியே வரவில்லை. நானும் வரவில்லை, ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். பிழைப்புத் தேடிக் கப்பலேறப் போகும்போது அவன் மனைவி சிபி தன் டீ கெட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஓட்டு என்ற சொல்லைக் கேட்டாலே நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

பிறகு சட்டம் மாறியது. இனிமேல் சீட்டில் குறி போட்டு மடித்துப் பெட்டியில் போட்டால் போதும், யாருக்கும் தெரியாது என்றார்கள். கோல்மன்தான் செய்தித்தாளில் அதை வாசித்தான். அவனுக்கு அது ஒரு வழக்கம். சனிக்கிழமை டப்ளின் பேப்பர் வந்ததும் கடையில் நின்றுகொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை உரக்க வாசிப்பான். பாதித் தெரு கூடி நிற்கும். கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் அவன் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மாவு மூட்டைமேல் அச்சடித்திருப்பதைக்கூட பிரசங்கம் மாதிரி வாசிப்பான். எத்தனையோ தடவை எரிச்சலில் கத்தியிருக்கிறேன்.

1874 பிப்ரவரியில் புதுச் சட்டப்படி முதல் தேர்தல். பிரபுவின் மருமகன் காப்டன் வெஸ்ட்ராப் ஒரு பக்கம், வக்கீல் ஓ'ஹியர் மறுபக்கம். தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் ஹார்க்னஸ் எங்கள் கடைக்கே வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"கோல்மன், புதுச் சட்டத்துல ஒரு வசதி இருக்கு, தெரியுமில்ல? படிக்கத் தெரியாதவங்க அதிகாரிகிட்ட வாயால சொன்னாப் போதும். அவரே குறி போட்டுக் குடுப்பாரு. எங்க ஆளு பக்கத்துலயே இருப்பான், கேட்டுக்குவான்."

"எனக்கு அது எதுக்கு ஐயா? நான்தான் படிப்பேனே."

"அன்னைக்கு ஒருநாள் படிக்கத் தெரியாது."

கோல்மன் முகம் சிவந்துவிட்டது. ஹார்க்னஸ் கடையை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல அடுப்பு. மே மாசத்துக்கு அப்புறமும் நீயே ரொட்டி சுடணும்னு எனக்கு ஆசை. உன்னை மாதிரியே பத்தொன்பது பேர்கிட்ட சொல்லியிருக்கேன். எல்லாருக்கும் அன்னைக்குப் படிப்பு மறந்துபோகுது."

அவர் போன பிறகு கோல்மன் மாவை அடித்துத் துவைத்தான். "ஊருக்கே பேப்பர் வாசிக்கிறவன், நான் தற்குறின்னு சொல்லணுமாடி, வின்னி? எவனாவது சிரிக்காம இருப்பானா?"

"சிரிச்சிட்டுப் போறாங்க. சிரிப்பு வீட்டை இடிக்குமா? நீ வாயை அடக்கிக்கிட்டு, தெரியாதுன்னு மட்டும் சொல்லிட்டு, காப்டன் பேரைச் சொல்லிட்டு வா."

"பார்ட்லி மேடை ஏறினானே."

"ஏறினான். இப்ப எங்க இருக்கான்? அவன் பொண்டாட்டி கெட்டில் எங்க இருக்கு?"

அவன் திரும்பவும் மாவை அடிக்க ஆரம்பித்தான். சொன்னதற்கு எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரிசு.

தேர்தல் அன்று ஆலங்கட்டி மழை. கோர்ட்டுக் கதவை ஒட்டிப் பெண்கள் நாங்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றோம். ஹார்க்னஸின் இருபது பேரும் வரிசையாக நின்றார்கள். முதல் ஆள் கோல்மன். அவர் வேண்டுமென்றேதான் அவனை முன்னால் நிறுத்தினார். பேப்பர் வாசிக்கிறவனே தற்குறி என்று சொல்லிவிட்டால் பின்னால் இருப்பவன் எவன் முரண்டு பிடிப்பான்? கோர்ட்டுக் கதவு குளிருக்குச் சாத்தியிருந்தாலும் சரியாகச் சேராத கதவு. உள்ளே பேசுவது காதில் விழும்.

டப்ளினிலிருந்து வந்த தேர்தல் அதிகாரிக்குக் கடும் சளி. அவர் மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு, "படிக்கத் தெரியுமாய்யா?" என்றார்.

"தெரியாதுங்க ஐயா."

கோல்மன் குரல் செத்துப்போயிருந்தது. எனக்கு மூச்சு வந்தது. அவ்வளவுதான், ஒரு பேரைச் சொல்லிவிட்டு வந்துவிடுவான், வீடு பிழைத்தது என்று நினைத்தேன்.

"சரி. அப்ப இந்த உறுதிமொழியில ஒரு பெருக்கல் குறி போடு." காகிதம் சரசரத்தது.

காகிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டார்கள்! நான் பயந்த மாதிரியே, கதவிடுக்கு வழியாக அவனுடைய சனிக்கிழமைக் குரல் கணீரென்று வந்தது:

"கில்பிரானா நகரைச் சேர்ந்த கோல்மன் டர்க்கனாகிய நான், எனக்கு எழுதப்படிக்கத் தெரியாது என்பதை இதன் மூலம் மனமார உறுதி கூறுகிறேன்!"

உள்ளே யாரோ ஒருத்தன் குதிரை கனைப்பதுபோல் சிரித்தான். அடுத்து வரிசை முழுக்கச் சிரித்தது. என் பக்கத்தில் நின்றவளும் சிரித்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். பாவி மனுஷன், கெடுத்தானே, கடப்பாரையை அவனே கூப்பிட்டுவிட்டானே என்றுதான் தோன்றியது.

அதிகாரி சிரிக்கவில்லை. "நல்லா வாசிக்கிறியேப்பா. நிறுத்தற்குறிகூட விடல. யார் உன்னை இப்படிச் சொல்லச் சொன்னது?"

ஹார்க்னஸின் ஆள் குறுக்கே வந்து, "மனப்பாடம் பண்ணியிருப்பான் ஐயா," என்றான்.

"நான் நேத்து ராத்திரிதான் இந்த ஊருக்கு வந்தேன். இந்தக் காகிதம் என் பெட்டியில இருந்தது. எப்ப மனப்பாடம் பண்ணினான்?" அவர் மறுபடி மூக்கைச் சிந்தினார். "இந்தா, உன் சீட்டு. அந்தத் தடுப்புக்குப் பின்னாடி போ. தனியாப் போ. வரிசையில இருக்கிற எல்லாரும் கேட்டுக்குங்க: பொய்யா உறுதிமொழி குடுக்கிறது குத்தம். ஒருத்தன் யாருக்குப் போட்டான்னு இங்க துருவித் தெரிஞ்சுக்கப் பாத்தா ஆறு மாசம் ஜெயில். இப்ப சொல்லுங்க, வேற யாருக்குப் படிக்கத் தெரியாது?"

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் முப்பது வருடத்தில் செய்யாததை அந்த மனிதர் ஒரு நிமிடத்தில் செய்தார். மீதிப் பத்தொன்பது பேருக்கும் படிப்பு வந்துவிட்டது. ஒவ்வொருத்தனாகத் தடுப்புக்குப் பின்னால் போய், சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

கோல்மன் வெளியே வந்தபோது முகம் மாவு பூசியதுபோல் இருந்தது. "வாய் தானா திறந்துடுச்சு, வின்னி. சத்தியமா நான் வேணும்னு செய்யல," என்றான். நான் திட்டத்தான் வாயெடுத்தேன். திட்டு வரவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வக்கீல் ஓ'ஹியர் ஏழு ஓட்டில் ஜெயித்தார். மறுநாள் ஹார்க்னஸ் எங்கள் தெரு வழியாக நடந்து, ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இருபது முகமும் ஒரே மாதிரி இருந்தன. யார் போட்ட ஏழு அது? யார் கதவைப் பெயர்ப்பது? இருபது வீட்டையும் காலி பண்ணினால் பிரபுவுக்குத் தெருவே இருக்காது.

இருந்தாலும் மே மாதம் முடியும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. கடப்பாரை வரவில்லை. ஜூன் முதல் சனிக்கிழமை ஹார்க்னஸ் வீட்டு வேலைக்காரி கூடையோடு வந்து, "ஆறு ரொட்டி. இனிமே வாராவாரம் எடுத்து வெக்கணுமாம். வருஷம் பூரா," என்றாள். வருஷம் பூரா! அப்படியென்றால் கடை எங்களுக்கேதான். அவள் தெருமுனை தாண்டும்வரை பொறுத்துக்கொண்டு, பிறகு உள்ளே போய் மாவு மூட்டைமேல் தலையைச் சாய்த்து அழுது தீர்த்தேன். ஆறு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அன்று இறங்கியது. முன்னால் கடையில் கோல்மன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். அந்தக் குரலை நான் அதற்குப் பிறகு ஒருநாளும் அதட்டியதில்லை.

தொகுதியை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியையும் அவன்தான் வாசித்தான். அன்று சிபியின் கெட்டிலில் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கேட்டேவிட்டேன்.

"இப்பத்தான் தொகுதியே இல்லையே. சொல்லு, அன்னைக்கு யாருக்குப் போட்ட?"

"ஆறு மாசம் ஜெயில், வின்னி."

"அது கேக்கிறவங்களுக்குத்தான். சொல்றவனுக்கு இல்ல."

"அதான் சொல்றேன். நீ உள்ள போயிட்டா நாளைக்கு மாவு யாரு பிசையறது?"

சிரித்துக்கொண்டே பேப்பரை எடுத்துக்கொண்டான். எங்கள் வீட்டில் எனக்குத் தெரியாத விஷயம் அது ஒன்றுதான், இருந்துவிட்டுப் போகட்டும்.