ஜன்னலோரக் கட்டில்

அச்சகத்தில் அவளுக்கு ஒற்றுப்பேய் என்று பெயர். பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். ஒரு ‘க்’ காணாமல் போனால் போதும், சிவப்புப் பேனாவோடு அடுத்த தெரு வரைக்கும் துரத்திக்கொண்டு போவாள். தன் கல்யாணப் பத்திரிகையில் ஏழு பிழை பிடித்து, மறுபடி அச்சடித்து வந்த பிறகுதான் கழுத்தை நீட்டினாள் என்று சொல்வார்கள். ஏழு இல்லை, ஒன்பது என்பாள் அவள்.

அவள் வீட்டுக்குத்தான் செவ்வாய்க்கிழமை காலை கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மகள் விண்ணப்பம் போட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. விண்ணப்பித்த பிள்ளைகளெல்லாம் கைப்பேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஒரு பொத்தான் சாம்பல் நிறத்திலிருந்து பச்சைக்கு மாறினால் அதற்கு முந்நூறு வியாக்கியானம். கல்லூரி எண்ணிலிருந்து ஒருவனுக்கு மிஸ்டு கால் வந்ததாம். அன்றைக்கே அவன் பக்கத்து வீட்டு நாய்க்கு ஊசி போடக் கிளம்பிவிட்டானாம்.

“அம்மா, வந்துடுச்சு!” என்று மகள் கத்தினாள். “கேளு. ‘வரவிருக்கும் மாணவ மாணவியருக்கு வணக்கம். விடுதியில் ஜன்னலோரக் கட்டில் வேண்டுமா, கதவோரக் கட்டில் வேண்டுமா என்று தெரிவிக்கவும்.’ கட்டிலே கேக்குறாங்கம்மா!”

“சீட்டு இல்லாமயா கட்டில் குடுப்பாங்க?” என்றார் அப்பா. அவர் பஸ் ஓட்டுநர். அன்றைக்கு அவர் ஓட்டிய வழியில் பதினாறு நிறுத்தம். பதினாறிலும் சேதி இறங்கியது. ஏறிய பயணிகளைவிட அது அதிகம். மகள் ‘ஜன்னலோரம்’ என்று அப்போதே பதில் தட்டிவிட்டாள்.

சங்கடம் ஒன்றுதான். தோட்டக்கலைக் கல்லூரி ஏற்கெனவே இடம் தருவதாக எழுத்தில் கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அது போய்விடும். உறுதி செய்தாலோ கால்நடை விண்ணப்பம் தானாக ரத்து.

“அதை விட்டுத் தள்ளும்மா. கையில கட்டிலை வச்சுக்கிட்டு மரத்தடியில படுப்பாங்களா?” என்றார் அப்பா.

அம்மா கடிதத்தை நான்கு முறை வாசித்தாள். ஐந்தாவது முறை, அச்சகத்தில் செய்வதுபோல், கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வந்தாள்.

“உன் பேரு எங்கடி?”

“எதுக்கும்மா பேரு?”

“கட்டில் குடுக்கிறவனுக்கு அதுல யாரு படுக்கப் போறாங்கன்னு தெரிய வேணாமா? அப்புறம் இந்த ‘வரவிருக்கும்’. எனக்கு இது பிடிக்கலை. ‘வர விரும்பும்’னு இருந்திருக்கணும். வரவிருக்கிறவங்கன்னா வரப்போறவங்க. வர விரும்புறவங்கன்னா நம்மள மாதிரி வாசல்ல நிக்கிறவங்க.”

“ஒரு எழுத்துக்காகப் பொண்ணு படிப்பையே அடிச்சுடுவியா?” என்று கணவர் எகிறினார்.

“ஒண்ணு இல்லைங்க, ரெண்டு. ‘க்கு’ போய் ‘ம்பு’ வரணும். அந்த ‘ம்பு’லதான் வம்பே இருக்கு.”

மகள் அவளோடு மூன்று நாள் பேசவில்லை. கால்நடைக் கல்லூரித் தொலைபேசியும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா விடுப்புப் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கே போனாள். வழியெல்லாம் ஒரே வேண்டுதல்: இந்த ஒரு தடவை நான் பிடித்தது பிழையாக இல்லாமல் போகட்டும்.

சேர்க்கை அலுவலகத்தில் கோப்புகளின் பள்ளத்தாக்கில் ஓர் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தாமலே, “முடிவு திங்கட்கிழமைதாம்மா. இப்பச் சொன்னா என் வேலை போயிடும்” என்றார்.

“முடிவு கேக்க வரலைங்க. பிழை காட்ட வந்தேன்.”

சிவப்பு வட்டம் போட்ட தாளை மேசையில் வைத்தாள். எழுத்தர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முகம் பழைய கோப்பு நிறத்துக்குப் போனது.

“ஐயோ! நான் ‘வரவிரும்பும்’னுதாம்மா அடிச்சேன். கம்ப்யூட்டர் தானா திருத்தியிருக்கு.”

“பிரிச்சு அடிச்சிருந்தீங்கன்னா அதுக்கு என்ன வேலை இருந்திருக்கும்? எத்தனை பேருக்குப் போச்சு?”

“விண்ணப்பிச்ச எல்லாருக்கும். நாலாயிரத்து அறுநூறு.”

“கட்டில்?”

“எண்பது.” எழுத்தர் வந்த பதில்களைத் திரையில் உருட்டினார். “எல்லாரும் ஜன்னலோரமே கேட்டிருக்காங்கம்மா.”

வீடு திரும்பும்போது மணி நாலரை. அவள் சொன்னதைக் கேட்டு அப்பா முதலில் கம்ப்யூட்டரைத் திட்டினார், பிறகு எழுத்தரை, பிறகு தமிழை. கடைசியில் மெதுவாக, “எல்லாருக்கும் அனுப்பினாங்கன்னா, நமக்கு இல்லைன்னும் அர்த்தம் இல்லையே?” என்றார்.

“இல்லைங்க. அந்தக் கடிதத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. அது வந்ததும் ஒண்ணு, வராததும் ஒண்ணு.”

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். குழுவைத் திறந்தாள், கட்டில் விரிப்பு என்ன நிறத்தில் வாங்குவது என்று அங்கே விவாதம் நடந்துகொண்டிருந்தது. மூடினாள்.

“அம்மா, நீ என்ன சொல்றே?”

“எனக்கு எழுத்துதாண்டி தெரியும். இது உன் படிப்பு.”

மணி நாலே முக்கால் ஆனது. பிறகு மகள் தோட்டக்கலைக் கல்லூரியின் பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். “மாட்டுக்குப் பார்க்காட்டி மரத்துக்குப் பார்க்கிறேன். மரம் உதைக்காது” என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

திரையில், ‘வாழ்த்துகள்! உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது’ என்று வந்தது. ‘வாழ்த்துகள்’ ஒற்று மிகாமல் சரியாக இருந்தது. அதுவே அம்மாவுக்குக் கூடுதல் சந்தேகம். ஐந்து அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது அந்தக் கல்லூரிக்கு போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள்.

“இப்பத்தான் ஒரு பொண்ணு உறுதி பண்ணிச்சு. அவ பேரு பட்டியல்ல ஏறியிருந்தா எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. ஒவ்வொரு எழுத்தா.”

“நாப்பத்தொண்ணாவது பேருங்க. வாசிக்கிறேன்.”

அம்மா நகர்ந்துபோய் மகளின் தலைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

“இருங்க, இருங்க. அது ரெண்டு சுழியா, மூணு சுழியா?”

“மூணுங்க.”

“சரி. மேல படிங்க.”