வல்லை வெளியில் படுத்த வண்டி

சீவரத்தினம் அந்த வண்டியைக் கட்டியது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. தாய் சாகிற அன்று அரியாலையிலிருந்து கரவெட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காக மட்டும் கட்டினார்.

தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளையவன். இதில் வழக்குப் பேச இடமில்லை. ஆனால் தமையன் பொன்னம்பலம் பேசினார். தாய் அவர் வீட்டில்தான் கிடந்தாள். சீவரத்தினத்தின் லொறி பரந்தனில் குடைசாய்ந்து இடுப்பு நொறுங்கிய வருடமே, தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வந்திருந்த சனம் கேட்கத்தக்கதாகச் சொன்னார்.

"உவனாலை சைக்கிள் சீற்றிலை குந்த ஏலாது. பஸ் இல்லை, கார் ஓட எண்ணெய் இல்லை. ஆத்தை கண்ணை மூடினால் உவன் வந்து சேர எட்டாம் நாள் செலவும் முடிஞ்சிடும். கொள்ளியை நான்தான் வைக்கவேணும்."

கிழவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அவன் வருவான். அவன் வைக்காட்டில் என்ரை கட்டை வேகாது."

சீவரத்தினத்துக்கு அந்தச் சொல் போதும். தமையன் தோற்க வேண்டும், ஊர் அதைப் பார்க்க வேண்டும். தாயில் பாசம் இல்லை என்று சொல்ல முடியாது. எது பாதி, எது மீதி என்று பிரித்துச் சொல்லவும் முடியாது.

ஒரு வளவில் கறள் பிடித்துக் கிடந்த ஏ-40 காரிலிருந்து டைனமோவைக் கழற்றி வந்தார். மின்சாரம் உண்டாக்குகிற அந்தச் சாமானுக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதுவே மோட்டாராகிச் சுழலும். லொறிக்காரனுக்கு இது தெரியும். இரண்டு பழைய சைக்கிள்களை அறுத்துக் கொல்லன் உலையில் ஒட்டி நீட்டினார். முன்னுக்குச் சின்னச் சில்லு, பின்னுக்குப் பெரியது. பெடல் முன்சில்லையும் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. அங்கிருந்து பின்சில்லு வரைக்கும் மூன்று செயின்களைத் தொடுத்து ஒன்றாக்கினார். சீற்றுக்குப் பதில் சாய்மனைக் கதிரையின் கன்வஸ் துணி. அதில் மல்லாந்து, காலை முன்னுக்கு நீட்டி மிதித்தால் இடுப்பு நோகாது. வலது கால் பெயருக்குத்தான். இடது கால் மிதிக்க, மிச்சத்தை டைனமோ இழுத்தது. முதுகுக்குக் கீழே தகரப் பெட்டிக்குள், தன் லொறியிலிருந்து காப்பாற்றி வைத்திருந்த பற்றரி. தாண்டிக்குளத்து ஆமிக் காவலுக்கு இப்பால் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த சண்டைக்காலம். தலையணைக்குக் கீழே நகை வைத்தவர்கள் நித்திரை கொண்டார்கள், பற்றரி வைத்தவன் கொள்ளவில்லை.

வெள்ளை வேட்டியோடு ஒரு மனுசன் மல்லாந்து, காலை முன்னுக்கு விட்டுக்கொண்டு தெருவில் போனால் சனம் என்ன சொல்லும்? பாடை என்று பெயர் வைத்தார்கள்.

"தூக்க நாலு பேர் வேண்டாமே, அண்ணை?" என்றான் சந்தியில் ஒருவன்.

"உன்னைத் தூக்கேக்கை சொல்லியனுப்பு. நானும் ஒரு பக்கம் பிடிக்கிறன்" என்றார் சீவரத்தினம்.

ஒருநாள் கொடிகாமம் வரைக்கும் ஓடிப் பார்த்தார். பிறகு ஒருநாள் கரவெட்டிக்கே போனார். மரத்துக்கு மரம் நிறுத்தி இளைப்பாற வேண்டியிருக்கவில்லை. படலையில் நின்ற பொன்னம்பலம் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"கொள்ளி வைக்க வாறியோ, வைப்பிக்க வாறியோ?"

கிழவிக்குச் சிரிப்பு வந்தது, பிறகு இருமல் வந்தது. சீவரத்தினம் தமையனுக்கு மறுமொழி சொல்லாமல் திரும்பினார். சுடலையில் நின்று சொல்லலாம் என்று வைத்திருந்தார்.

ஓடிய பற்றரியைத் திரும்ப ஏற்ற ஊரில் மின்சாரம் கிடையாது. அதற்குத்தான் நல்லம்மா இருந்தாள்.

பின்சில்லு நிலத்தில் முட்டாமல் வண்டிக்குக் கல் அண்டை கொடுப்பார். பெண்சாதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கன்வஸில் சாய்ந்து மிதிப்பாள். சில்லோடு டைனமோ சுழன்று பற்றரி ஏறும். உலையை இறக்கினால் மிதி, சட்டி கழுவினால் மிதி. பகல் முழுக்க அவள் மிதித்தால் அவர் நாலைந்து மைல்கட்டை ஓடலாம். அவர் உள்ளே பாயில் கிடந்து காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். டைனமோவின் இரைச்சல் தணிந்தால் போதும்.

"சத்தம் நிண்டிட்டுது!"

"தண்ணி குடிக்கிறன்."

"குடிச்சுக்கொண்டு மிதி!"

வேலிக்கு அங்கால் லூர்த்தம்மா இருந்தாள். குருநகரில் ஷெல் விழுந்து வீடு போக, புருசனோடு அரியாலைக்கு வந்து கொட்டில் போட்டவள். அவள் ஒருநாள் றேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சீவரத்தினண்ணை, உந்த வயரிலை ஒருக்கால் கொழுவிவிடுங்கோ. செய்தி மட்டும் கேட்டிட்டுத் தாறன்."

"செய்தி நான் சொல்லுறன். இண்டைக்கும் அடிபாடு. போ."

அடுத்த நாளே தகரப் பெட்டிக்கு ஆமைப்பூட்டு விழுந்தது. திறப்பு அவருடைய அரைஞாணில் ஏறியது. குளிக்கும்போதும் கழற்றவில்லை. ஊரில் எவனையும் நம்பக்கூடாது என்பது அவருடைய கொள்கை. அதில் பாதி சரிதான். மற்றப் பாதிக்குள் பெண்சாதியையும் போட்டுப் பூட்டினார்.

மார்கழி கடைசியில் நல்லம்மா மிதிப்பதை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"இஞ்சருங்கோ, பெட்டிக்குள்ளாலை கூழ்முட்டை மணம் வருது. தொட்டால் சுடுது. தண்ணி வத்திப்போச்சுதாக்கும். மாரியிலை வெள்ளைத்துணி கட்டிப் பிடிச்ச மழைத்தண்ணி ஒரு போத்தல் வைச்சிருக்கிறன். ஒருக்கால் திறவுங்கோ, ஊத்துவம்."

சொன்னது முழுக்கச் சரி. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. பற்றரிக்குள் விட்டால் அதன் கதை முடிந்தது, மழைத்தண்ணீர்தான் விடவேண்டும். லொறி ஓடிய காலத்தில் கிளீனர் வந்து இதைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே மூடியைக் கழற்றியிருப்பார். இப்போது சொன்னது பெண்சாதி.

"மிதிக்கக் கள்ளம் உனக்கு. நான் திறக்க, அங்காலை லூர்த்தம்மாவின்ரை றேடியோ பாடும். போய் மிதி."

"என்ரை மூக்குக்குப் பக்கத்திலை மணக்குது. உங்களுக்கென்ன?"

"மூக்கைப் பொத்திக்கொண்டு மிதி."

அவள் போய் மிதித்தாள். காய்ந்த தகடு மின்சாரத்தைப் பிடிக்குமா? அவள் மிதித்ததெல்லாம் சூடாகவும் மணமாகவும் போனது. இரைச்சல் மட்டும் ஒழுங்காகக் கேட்டது. அவர் திருப்தியாகக் கிடந்தார்.

தை பிறந்து சில நாளில், காலை வேளை, பொன்னம்பலத்தின் மகன் சோமசேகரம் மூச்சு வாங்கச் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"குஞ்சியப்பு, அப்பாச்சி விடியப்பறம் முடிஞ்சிட்டா. ஐஸ் இல்லை, வைச்சிருக்கேலாது. பின்னேரம் எடுக்கினம். அப்பு மூண்டு மணிவரைக்கும்தான் பார்ப்பாராம்."

"மூண்டு மணியோ? அவர் பார்க்கமுதல் நான் அங்கை நிப்பன்."

"வேண்டாம் குஞ்சியப்பு, என்ரை கரியரிலை ஏறுங்கோ. பக்கவாட்டிலை இருங்கோ, உருட்டி உருட்டியெண்டாலும் கொண்டு போறன். இடுப்பு நோகும்தான்."

"கொப்பர் உன்னை அனுப்பினதே என்னைக் கிடங்கிலை விழுத்தத்தானே. நீ போ. போய்ச் சொல்லு, வாறனெண்டு."

சோமசேகரம் போய்விட்டான். நல்லம்மா அழுதுகொண்டே வெள்ளைச்சேலையைத் தேடினாள். மாமியார் இவளை ஒருநாளும் அதட்டியதில்லை. புருசன் வீட்டாரில் அப்படி ஒரு ஆள்தான் இருந்தது.

"நான் எப்பிடி வாறது?"

"நீ எப்பிடியெண்டாலும் வா" என்று சொல்லி அவர் வண்டியில் மல்லாந்தார்.

இருபாலை வரைக்கும் சிங்கம் மாதிரி ஓடியது. கோப்பாய் தாண்ட இரைச்சல் இளைத்தது. அச்சுவேலியில் டைனமோ முனகியது. நின்று பார்த்திருக்கலாம். நின்றால் நேரம் போகும் என்று இடது காலால் உதைத்தார். வல்லை வெளிக்குள் இறங்கினார்.

தை மாதத்து வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வெளி முழுக்க வாரிக்கொண்டு வரும். கரவெட்டிக்குப் போகிறவனுக்கு நேரே முகத்தில் அறையும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஆமியின் ஹெலி வந்தால் கும்பிட்டுக்கொண்டு குப்புறப் படுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பாலத்துக்கு வர முன்னமே டைனமோ ஒருமுறை இழுத்து, நின்றது.

ஒரு காலால் மிதித்தார். வண்டி ஒரு சாண் போனது, காற்று இரண்டு சாண் தள்ளியது. இறங்கித் தள்ளப் பார்த்தார். இடுப்பு மடங்கிற்று. கடைசியில் அரைஞாணிலிருந்து திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தார். கூழ்முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. மூடிகளைக் கழற்றி ஒவ்வொரு குழியாகப் பார்த்தார். அடியில் ஒட்டிய ஈரம்தான் மிச்சம். தகடுகள் வெள்ளை பூத்து, வளைந்து, செத்துக் கிடந்தன. நல்லம்மா சொன்னது அவருக்கு நினைவு வந்தது. வந்ததும் அவள் மேல்தான் கோபம் வந்தது. வலுக்கட்டாயமாகச் சொல்லியிருக்க வேண்டாமா?

விறகு கட்டிய சைக்கிள்கள் காற்றோடு எதிரே வந்து போயின. ஒருவன் காலை ஊன்றிப் பார்த்தான்.

"ஆரும் விட்டிட்டுப் போட்டினமோ, இல்லை உயிர் இருக்கோ?"

"உயிர் இருக்கு. நீ உன்ரை சோலியைப் பார்."

அப்போதுதான் லூர்த்தம்மா சைக்கிளை எழும்பி நின்று மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கரியரில் நல்லம்மா. இரண்டு பேர் முகத்திலும் புழுதி. திறந்து கிடந்த பெட்டியை நல்லம்மா பார்த்தாள்.

"அண்ணை, இன்னும் நேரம் கிடக்கு" என்றாள் லூர்த்தம்மா. "நீங்கள் என்ரை கரியரிலை ஏறுங்கோ. நல்லம்மாக்கா இதிலை வண்டியோடை நிக்கட்டும். உங்களைச் செத்தவீட்டிலை இறக்கிப்போட்டு வந்து அவவை ஏத்துறன்."

"கட்டி இழு."

"இந்தக் காத்துக்கை இதைக் கட்டி இழுக்க நான் என்ன மாடே? இரண்டு பேரும் இஞ்சை கிடப்பம். ஏறுங்கோ அண்ணை. பெத்த தாய்."

"இஞ்சருங்கோ" என்றாள் நல்லம்மா. "நான் நிக்கிறன். அசையமாட்டன். மாமி உங்களைத்தானே கேட்டவ."

சீவரத்தினம் சைக்கிளின் கரியரைப் பார்த்தார். இடுப்பு நோகும், சாகமாட்டார். பெண்சாதியைப் பார்த்தார். அவள் தனியே வெளியில் நிற்பாள். இயக்கப் பெடியள் வந்து பற்றரியைக் கேட்டாலென்ன, பெட்டியைக் கேட்டாலென்ன, எடுத்துக் கொடுத்துவிடுவாள். எவனாவது டைனமோவைக் கழற்றினால் பார்த்துக்கொண்டு நிற்பாள். இத்தனை நாள் மிதிக்க வைத்ததற்கு, அவளே தூக்கி வாய்க்காலுக்குள் போட்டாலும் போடுவாள். அவள் இடத்தில் அவர் நின்றால் அதைத்தான் செய்வார்.

"உன்னை நம்பி விட்டிட்டு நான் போறதோ? திரும்பி வரேக்கை செயின்கூட இராது."

"பற்றரி செத்துப்போச்சுதே, அண்ணை!" லூர்த்தம்மா கத்தினாள். "அதுவும் பிணம்தான். ஒரு பிணத்துக்குக் காவல் இருந்து மற்றப் பிணத்தைத் தவற விடப்போறியளோ?"

"நீங்கள் இரண்டு பேரும் போங்கோ" என்றார் சீவரத்தினம். "ஆரும் ட்ரக்டர்காரன் வருவான். ஏத்திக்கொண்டு வாறன். மூண்டு மணிக்கு நிப்பனெண்டு அண்ணைக்குச் சொல்லு."

நல்லம்மா முந்தானையால் முகத்துப் புழுதியைத் துடைத்தாள். பிறகு கரியரில் ஏறினாள். காற்றுக்குள் குனிந்து இரண்டு பேரும் பாலத்தைத் தாண்டிப் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்ரக்டர் வரவில்லை. வெயில் சாய்ந்தது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்ததால் பறைச்சத்தம் மெல்லக் கேட்டது. முதலில் விட்டு விட்டு, பிறகு விடாமல். விடாமல் அடித்தால் பிணம் படலை தாண்டிவிட்டது என்று அர்த்தம். அவர் எழும்பி நின்றார். ஒரு கால் தாங்கவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் கழிய அதுவும் அடங்கியது.

பின்னேரம் நல்லம்மாவும் லூர்த்தம்மாவும் திரும்பி வந்தார்கள். நல்லம்மாவின் தலைமயிர் ஈரமாக இருந்தது. பிணம் போன பிறகு குளித்திருக்கிறாள்.

"ஆர் வைச்சது?" என்றார்.

"உங்கடை அண்ணை."

"மூண்டு மணி மட்டும் பார்த்தவரோ?"

"மூண்டரைக்குமேலையும் பார்த்தவர். படலைக்கு வந்து வந்து போனவர். பிறகு என்னைச் சபையிலை வைச்சுக் கேட்டவர், சீவரத்தினம் எங்கையெண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"வல்லை வெளியிலை வண்டிக்குக் காவல் இருக்கிறாரெண்டு சொன்னனான்."

"சனம் சிரிச்சதோ?"

"செத்தவீட்டிலை ஆர் சிரிக்கிறது? பறையடிக்க வந்தவன் மட்டும் சிரிச்சான். உங்கடை அண்ணை அழுதவர்."

தமையன் அழுதார் என்பதுதான் சீவரத்தினத்துக்குப் பிடிக்கவில்லை. சிரித்திருந்தால் மறுமொழி ஒன்று வைத்திருந்தார். பிறகு சீற்றுக்குப் பின்னால் சுற்றி வைத்திருந்த கயிற்றை எடுத்துப் பெண்சாதியின் காலடியில் போட்டார்.

"இனிக் காத்து எங்கடை பக்கம். முன்னுக்குக் கட்டி நீ இழு. லூர்த்தம்மா பின்னுக்குத் தள்ளட்டும். பெட்டி ஆடாமல் மெல்ல இழு."

நல்லம்மா குனிந்து கயிற்றை எடுத்தாள். மடித்து, சுற்றி, அவருடைய வயிற்றின் மேல் வைத்தாள். போய் லூர்த்தம்மாவின் கரியரில் ஏறி இருந்தாள்.

"காத்து முதுகிலை தள்ளும்" என்றாள். "பகல் முழுக்க மிதிச்சால் நாலைஞ்சு கட்டை. எனக்குக் கணக்குத் தெரியும்."

"எடியே, என்னை இதிலை விட்டிட்டுப் போறியோ?"

லூர்த்தம்மா பெடலில் காலை வைத்தாள். காற்று பின்னால் இருந்ததால் சைக்கிள் தானாகவே உருண்டது. நல்லம்மா திரும்பிப் பார்க்கவில்லை. குரலை மட்டும் பின்னுக்கு எறிந்தாள்.

"சத்தம் நிக்கப்படாது!"

அவர்கள் வளைவில் மறைந்த பிறகும் சீவரத்தினம் கன்வஸில் மல்லாந்து கிடந்தார். கை தடவித் தகரப் பெட்டியின் மூடியைத் தேடிச் சாத்தியது. ஆமைப்பூட்டைக் கொழுவி அமத்தினார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். திறப்பை அரைஞாணில் முடிந்துகொண்டு, இடது காலைப் பெடலில் வைத்தார்.