தங்கபுஷ்பம் கல்லூரி ஏறியதும் இறங்கியதும்

2023 ஜூன் பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, எம். புதுப்பட்டி ரோட்டில் இருக்கும் தங்கபுஷ்பம் கலை அறிவியல் கல்லூரி தரையை விட்டு ஓரடி மேலே நின்றது. மூன்று மாடிக் கட்டடம், நூலகம், கேன்டீன், முதல்வர் அறை வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிகள் எல்லாம் சேர்ந்தே எழும்பியிருந்தன. தண்ணீர்க் குழாய்கள் அறுந்துவிடாமல் சேமியா மாதிரி நீண்டு கொடுத்தன. குனிந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸின் டயர் தெரிந்தது. வாட்ச்மேன் சோணைமுத்து நாலு கல்லைத் தூக்கி வாசலில் படியாகப் போட்டார். ஒன்பது மணிக்கு வழக்கம்போல மணி அடித்தது.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் அது ஆறடி ஆனது. அதற்கடுத்த வருஷம் பதினெட்டடி. பிள்ளைகள் வெள்ளையடிக்கிற மூங்கில் ஏணியில் ஏறி வகுப்புக்குப் போனார்கள். மணி அடிக்கும்போது ஏணியில் இருந்தவர்களுக்கு அரை வருகை போடப்பட்டது. வணிகவியல் பேராசிரியர் ராஜபாண்டியன் தொண்ணூற்றாறு கிலோ என்பதால் அவரைக் கப்பி போட்டு, கயிறு கட்டி, முதலாமாண்டுப் பிள்ளைகள் இழுத்தார்கள். ஏறிக்கொண்டிருக்கும்போதே அவர் பாடத்தை ஆரம்பித்துவிடுவார். சாத்தூர் போகும் லோடு லாரிகள் கட்டடத்துக்கு அடியில் நிழலுக்கு நின்றன. கல்லூரித் தாளாளர் சங்கரலிங்கம் மட்டும் கட்டடம் ஏறியதை ஒத்துக்கொள்ளவில்லை. மழையில்லாத ஊர், மண்தான் இறங்கிவிட்டது என்று தகவல் பலகையில் கையெழுத்துப் போட்டு ஒட்டினார்.

அந்த 2025ஆம் வருஷம்தான் மூன்றாமாண்டு பி.காம். படித்த மாரிசெல்வி மாணவர் சங்கத் தலைவியானாள். அவளுடைய அப்பா நாகையா பட்டாசுக் கம்பெனியில் ராக்கெட் பிரிவில் ஃபோர்மேன். செயலாளராக வந்த மகேஷ்குமாரின் வீட்டில் சொந்தமாக அச்சகம் இருந்தது. கல்லூரியின் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் அச்சாகும். கட்டணத்தைக் குறைக்க வேண்டும், ஆறு மணி பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு வேண்டும், கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும் என்று இருவரும் மனு எழுதினார்கள். நாலு தடவை கொடுத்தார்கள். மாணவர் சங்கம் என்பது ஆண்டு விழாவுக்கு மாலை வாங்குவதற்கு என்று சங்கரலிங்கம் நினைத்திருந்ததால், நாலையும் பிரிக்காமல் மேஜை ஆடாதிருக்க அடியில் சொருகி வைத்தார்.

மாரிசெல்வியின் வகுப்பில் பத்திரகாளி என்று ஒரு பெண் இருந்தாள். பெயர்தான் அப்படி, பேசினால் பக்கத்து பெஞ்சுக்குக் கேட்காது. கணக்குப்பதிவியலில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் கட்டணம் கட்டத் தாமதமானது. தாமதத்துக்கு நாளுக்கு நாள் அபராதம் ஏறியது. ஆகஸ்டில் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். மாரிசெல்வி தேடிக்கொண்டு விஸ்வநத்தம் போனபோது, ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில், சாப்பாட்டு நேரத்தில், பத்திரகாளி விரலெல்லாம் பசையோடு வந்து நின்றாள். மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை.

"ஏட்டி, எப்ப வருவ?"

"சீசன் முடியட்டும்."

"முடிஞ்சா வந்துருவியா?"

பத்திரகாளி விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே சொன்னாள். "அடுத்த சீசன் வந்துரும்லா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் மாரிசெல்வி நின்றுகொண்டே வந்தாள்.

அந்த வாரமே நிர்வாகம் ஏணிப் பராமரிப்புக் கட்டணம் என்று புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியது. ஒட்டிய பசை காய்வதற்குள் கட்டடம் இன்னும் நாலடி ஏறியது. சாய்த்திருந்த ஏணி எட்டாமல் வழுக்கி விழுந்தது. அதில் இருந்த ஏழு பேரும் வைக்கோல் லாரி மேல் விழுந்ததால் சிராய்ப்புகூட இல்லை. மகேஷ்குமார் அச்சகத்துக்கு ஓடி, மூன்று வருஷ ஆர்டர் புத்தகத்தை எடுத்து, எந்தெந்த நோட்டீஸ் எந்தெந்தத் தேதியில் அச்சானது என்று பார்த்தான். பிறகு மூச்சிரைக்க வந்தான்.

"மண்ணும் இறங்கல, ஒண்ணும் இறங்கல. கட்டணம் ஏறுனா காலேஜ் ஏறுது."

சோதித்துப் பார்க்க, முதல்வரிடம் கெஞ்சி விண்ணப்பப் படிவக் கட்டணத்தை ரத்து செய்ய வைத்தார்கள். கட்டடம் ஒரு சாண் இறங்கியது. முதல்வர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இது தன் ஆயுளுக்குப் போதும் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இருவரும் தாளாளரிடம் போய் விவரத்தைச் சொன்னார்கள். சங்கரலிங்கம் முழுவதும் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இருபது வருஷம் காலண்டர் வியாபாரம் செய்ததில் எதைப் பார்த்தாலும் அட்டைப் படமாகத் தெரியும், அவ்வளவுதான்.

"ஏறட்டுமேம்மா," என்றார். "மாவட்டத்துலயே உசந்த காலேஜ்னு பேர் கிடைக்கும்ல."

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு விடுமுறை நாளில், அறங்காவலர் ஐந்து பேரையும் கப்பியில் ஏற்றிக் கூட்டம் போட்டார். இவ்வளவு உயரத்திலிருந்து வெம்பக்கோட்டை வரைக்கும் தெரிவதால் இயற்கைக் காட்சிக் கட்டணம் வசூலிப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. ஐந்தாவது ஆள் கையெழுத்தை முடித்துப் பேனாவை மூடியபோது கல்லூரி நூற்றுப்பத்து அடி உயரத்தில் இருந்தது. கப்பிக் கயிறு அறுந்து கீழே கிடந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி பாதி வழியோடு நின்றுவிட்டது. கேன்டீன்காரர் லீவு, உள்ளே ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் மட்டும் இருந்தது.

மதியம் ஒரு மணிக்குள் எம். புதுப்பட்டியே கீழே கூடிவிட்டது. சர்பத் வண்டியும் வந்துவிட்டது. சங்கரலிங்கம் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மனுவை உருவி, அதன் கீழே இருந்த நம்பருக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, தாளாளர் பேசுறேன்."

கீழே கூட்டத்தில் நின்ற மாரிசெல்வி யோசிக்காமல், வாய்ப் பழக்கத்தில் கேட்டாள். "சாப்பிட்டீகளா சார்?"

"இல்லம்மா," என்றார்.

மகேஷ்குமார் அவள் காதருகே வந்து, கையெழுத்துப் போட்டால்தான் சோறு என்று சொல்லச் சொன்னான். மாரிசெல்வி போனைப் பொத்திக்கொண்டாள்.

"சும்மா இருலே. ஆறு மணி பஸ் ஏறி வெறும் வயித்தோட வந்து, முத பீரியடுல எத்தன தடவ எனக்குக் கண்ணு இருட்டிருக்கு தெரியுமா? பசிச்சவுகள வச்சுப் பேரம் பேசவா சங்கத்துக்கு வந்தோம்?"

அவள் தன் அப்பாவைக் கூப்பிட்டாள். நாகையா, மேலே போய் வெடிக்கிற மருந்தை மட்டும் நீக்கிய ரெண்டு ஃபேன்சி ராக்கெட்டும் ஒரு கண்டு சணலும் கொண்டு வந்தார். கண்ணைச் சுருக்கிக் காற்றைப் பார்த்து முதல் ராக்கெட்டை விட்டார். அது கல்லூரியைத் தாண்டிப் போய்க் கருவேலங்காட்டில் விழுந்தது. ரெண்டாவது, சணலை இழுத்துக்கொண்டு மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக நுழைந்து, தீர்மானப் புத்தகத்தின் மேல் அடக்கமாகப் படுத்துக்கொண்டது. ஊர் கைதட்டியது. சணலில் கயிறு, கயிற்றில் கூடை, கூடையில் விருதுநகரிலிருந்து வரவழைத்த எண்ணெய் பரோட்டா நாற்பது, சால்னா தனியாக. அடியில், எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் உறையில், மனு. தாமத அபராதத்தை நீக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிய ஐந்தாவது மனு.

சங்கரலிங்கம் ஏழு பரோட்டா சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு மேலே செய்வதற்கு ஒன்றுமில்லை. மனுவை எடுத்து முதல் தடவையாகப் படித்தார். காலைச் சாப்பாடு என்ற இடத்துக்கு வந்ததும், கையில் இன்னும் சால்னா வாசம் இருந்ததாலோ என்னவோ, யாரையும் கேட்காமல் சரி என்று எழுதினார். கட்டடம் பத்தடி இறங்கியது. அறங்காவலர்கள் அலறினார்கள், அடுத்த தடவைக்குள் பழகிவிட்டார்கள். காட்சிக் கட்டணத்தை அடித்தார். ஒரே இறக்கமாக அறுபதடி. ஏணிக் கட்டணம், நாலடி. விளையாட்டுக் கட்டணத்துக்குப் போனில் இருபது நிமிஷம் வாதாடினார். விளையாட்டு மைதானமே இல்லையே சார் என்று மாரிசெல்வி சொன்னதும், ஜன்னல் வழியாக நாலு பக்கமும் தேடிப் பார்த்துவிட்டு அதையும் அடித்தார். இருபத்தைந்தடிக்கு வந்தபோது கட்டடம் நின்றுவிட்டது.

"தாமத அபராதத்தை எடுக்க மாட்டேன்மா. அது ஒழுக்கத்துக்கு வச்சது."

கூட்டத்தில், பறக்கிற கல்லூரியைக் கம்பெனியிலிருந்தே பார்த்துவிட்டு அரை நாள் லீவு சொல்லி வந்திருந்த பத்திரகாளியிடம் மாரிசெல்வி போனைக் கொடுத்தாள். அவள் குரல் கேட்காதென்று சர்பத்துக்காரர் மிக்சியை நிறுத்தினார்.

"சார், நான் ரோல் நம்பர் பதினேழு. அபராதம் ஏறுச்சு, அதக் கட்ட வேலைக்குப் போனேன். வேலைக்குப் போனதால காலேஜுக்கு வர முடியல. வராததுக்கும் அபராதம் போட்டிருக்கீக சார்."

"அதுக்குமா போட்டோம்?"

"ஆமா சார். லெட்டர் வந்துச்சு. பத்திரமா வச்சிருக்கேன்."

மேலே ஓர் அறங்காவலர் இருமுவது கேட்டது. சங்கரலிங்கம் அந்த வரியை அடித்த அடியில் காகிதம் கிழிந்தது. இருபத்துமூன்றரை அடியைக் கல்லூரி ஒரே மூச்சில், வெயிலில் காய்ந்த தலையணை மாதிரி மெத்தென்று இறங்கியது. தரைக்கு ஒன்றரை அடி இருக்கும்போது மறுபடி நின்றது. இப்போது போன் தேவைப்படவில்லை. சங்கரலிங்கம் வாசலுக்கே வந்தார்.

"வளர்ச்சி நிதிக் கட்டணத்தை மட்டும் எடுக்கச் சொல்லாதம்மா. மொட்டை மாடில தண்ணித் தொட்டி கட்டணும். தொட்டி இல்லாம உங்க கழிப்பறைக்குத் தண்ணி எங்கருந்து வரும்?"

மாரிசெல்வி மகேஷ்குமாரைப் பார்த்தாள். அவன் பத்திரகாளியைப் பார்த்தான். பத்திரகாளி மனதுக்குள் கணக்குப் போட்டுத் தலையாட்டினாள்.

"சரி சார். ஆனா ரசீது தரணும்."

"தர்றேன்மா."

திங்கட்கிழமை பத்திரகாளி வகுப்புக்கு வந்தாள். அக்டோபரில் தொட்டி கட்டி முடிந்தது. காலையில் பொங்கலோ உப்புமாவோ போட்டார்கள். உப்புமா நாளில் கூட்டம் குறைவு. மாரிசெல்வி அடுத்த ஏப்ரலில் தேர்வெழுதி வெளியே போனாள். கட்டடம் ஒன்றரை அடியிலேயே நின்றது. அடியில் ஆடுகள் படுத்தன. மழை பெய்தால் சைக்கிள்களைத் தள்ளி விட்டார்கள். அந்த வருஷம் வந்த ஆய்வுக் குழுவினர் மூன்று பேரும் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார்கள், அடியில் குனிந்து பார்த்தார்கள், படிவத்தைப் புரட்டினார்கள். அதில் இதற்கென்று கட்டம் எதுவும் இல்லை. கடைசியில் 'இதர வசதிகள்' என்ற இடத்தில், "கீழ்த்தளத்தில் காற்றோட்டம் நன்று" என்று எழுதிவிட்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினார்கள்.