சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் ஆலையை மூடிய திங்கட்கிழமை, அங்கே வேலை பார்த்த நாற்பத்திரண்டு ஆண்களுக்கும் குரல் நின்றுபோனது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை என்றார். ஊரும் அத்தோடு விட்டுவிட்டது. புனிதாவால்தான் விட முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளை “ஏ மல்லாட்ட” என்று கூப்பிட்டுவந்த ஆனந்தராஜ், இப்போது தட்டைத் தட்டிச் சோறு கேட்டான். பக்கத்து வீட்டுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். அங்கே மஹபூப் பீவிக்கு தினமும் ஏழு மணிக்கு துபாயிலிருந்து போன் வரும். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். “இன்னா பண்ணிக்கினு இருக்க, சாப்ட்டியா?” என்று அவள் புருஷன் சர்புதீன் கேட்பது சுவரைத் தாண்டி வரும். சம்பளம் நின்ற மூன்று மாதமும் மஹபூப் கிண்ணம் கிண்ணமாகக் குழம்பு கொடுத்தாள். சாப்பிடச் சாப்பிடப் புனிதாவுக்கு வயிறு எரிந்தது.

விழுப்புரத்தில் ஒரு புதுக் கட்சி இலவசமாகக் குரல் கொடுப்பதாக நோட்டீஸ் வந்தது. “அந்தாளு கடல் தாண்டிப் பேசறாரு. நீ எதிர்ல குந்திக்கினு ஊமையா கீற. போய் வாங்கினு வாய்யா” என்று புனிதாவே அவனை பஸ் ஏற்றிவிட்டாள்.

சாயங்காலமே குரலோடு வந்தான். போய்வந்த நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே குரல், கட்சித் தலைவருடையது, கொஞ்சம் கரகரப்பு. அந்தக் குரலுக்கு மனிதர்களில் இரண்டே வகைதான்: நம்மாளு, அவனுங்க.

“ஒருவாட்டி என்னைக் கூப்புடுய்யா” என்றாள்.

அவன் வாயைத் திறந்து, வெகுநேரம் கஷ்டப்பட்டு, “நம்மாளு” என்றான்.

ஆலை மூடியதற்கு அவனுங்கதான் காரணம் என்றது குரல். மூடியது முதலாளி வேங்கடேசன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேங்கடேசனின் கதவு கோயம்புத்தூரில் இருந்தது, மஹபூபின் கதவு பக்கத்திலேயே இருந்தது. நாற்பத்திரண்டு பேரும் நாலு சாயங்காலம் அங்கே நின்று கத்தினார்கள். ஐந்தாம் நாள் அவள் பையோடு வெளியே வந்தாள்.

“கோட்டக்குப்பம் போறேன் புனிதா. கிண்ணம் உங்கிட்டயே இருக்கட்டும்.”

புனிதா தடுக்கவில்லை. இனி ஏழு மணிக்கு எதுவும் கேட்காது என்பதில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

தேர்தலில் அந்த வார்டில் கட்சி ஜெயித்தது. ஆலை திறக்கவில்லை. ஆளும் போனும் இல்லாத அந்தப் பூட்டிய வீட்டிலிருந்து சர்புதீனின் குரல் மட்டும் தினமும் ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்தது. முதல் வாரம் புனிதா காதைப் பொத்திக்கொண்டாள். இப்போதெல்லாம் ஆறே முக்காலுக்கே முகம் கழுவி, பொட்டு வைத்து, சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிடுகிறாள். வாசலில் ஆனந்தராஜ் மறுநாள் கோஷத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

“சாப்ட்டியா?” என்கிறது சுவர்.

“சாப்ட்டேன்” என்கிறாள் புனிதா.